தண்ணியைப் பூட்டாதீங்க

போன மாரி தொடங்குவதற்கு முன்னர் எங்கள் வீதியில் வடிகான் துப்பரவு நடந்தது. பெரிய பவுசர் வண்டி ஒன்று வந்து, தடித்த ஹோஸைக் கானுக்குள் விட்டுச் சேற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனது. ஆட்கள் யாரும் சேற்றில் இறங்கவில்லை. நல்ல விஷயம். நான் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் பொறுப்பாக வந்திருந்த பிள்ளை என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தாள்.

"அக்கா, நீங்கள் தண்ணீர்ப் பகுதியில இருந்தனீங்கள்தானே? கான் அடைப்பு எடுக்கேக்க குடிதண்ணி பழுதாகாமல் அந்த நாளையில என்ன செய்தனீங்கள்? நேரம் கிடைச்சால் எழுதித் தாங்கோவன். புதுசா வந்த ஆக்களுக்குக் குடுக்கலாம்."

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முறைகளும் விதிகளும் வரிசையாக வருமென்று நினைத்தேன். ஆனால் பரீதா மிஸ்தான் நினைவில் வந்து நிற்கிறார், ஈரம் சொட்டுகிற குடையோடு. ஆகவே அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். முறைகள் அதற்குள் இருக்கின்றன.

நான் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்தைந்து வயதுகூட இல்லை. பயிற்சியில் சொல்லித் தந்தது கொஞ்சம்தான். அவித்த போத்தலின் மூடியை உட்புறம் விரல் படாமல் கழற்ற வேண்டும். குழாயின் வாயை நெருப்பால் சுட்டு, தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். போத்தலை நிறைய நிரப்பாமல் கழுத்தளவில் விட்டு, ஐஸ் பெட்டிக்குள் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். குளோரின் பார்க்கிறது அதைவிட இலேசு. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால், குளோரின் இருந்தால் றோஸ் நிறம் வரும். இல்லாவிட்டால் தண்ணீர் தன் நிறத்திலேயே இருக்கும்.

அந்தக் காலத்தில் தண்ணீர்ப் பகுதியும் வடிகான் பகுதியும் ஒரே கட்டடத்தின் இரண்டு அந்தங்களில் இருந்தன. ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. சண்டை என்று ஒன்றுமில்லை, கதைக்க வேண்டிய தேவை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கானைக் கிண்டுவார்கள். சில நாள் கழித்து அந்தப் பக்கத்தில் யாருக்காவது வயிற்றோட்டம் என்று வந்தால் நாங்கள் போத்தலைத் தூக்கிக்கொண்டு போவோம்.

பரீதா மிஸ் வடிகான் பகுதிக்குத் தொழில்நுட்ப அலுவலராக வந்த முதல் கிழமையிலேயே எங்கள் பக்கம் நடந்து வந்தார். மெலிந்த ஆள். என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு இருக்கும். தலையை மூடிய வெள்ளைத் துணியில் கடல் உப்பு பூத்திருந்தது. பாலங்கள் வராத காலம், மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் வந்து போகிறவர். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெரியவரின் மேசைக்கு முன்னால் நின்று, "கான் துப்பரவுக்குப் போற நாளையில எனக்கு உங்கட பகுதி ஆள் ஒருத்தர் வேணும் சேர். வேலைக்குப் பிறகில்ல, முன்னுக்கே வேணும்" என்றார்.

பெரியவர் சுற்றிப் பார்த்தார். சும்மா இருந்தவள் நான்தான்.

அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் இறங்குதுறையில் போய் நிற்பேன். லோஞ்ச் வரும். மிஸ் இறங்குவார். நான் சைக்கிளை உருட்ட, மிஸ் என் இடதுபக்கம் வர, இரண்டு பேரும் நடந்து போவோம். துப்பரவு செய்யப்போகிற ஒழுங்கையை, அந்தச் சிறு தெருவை, முதல் நாளே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒவ்வொரு வீட்டிலும் நின்று ஒரே கேள்விகளைக் கேட்பார். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? குழாய் எந்த இடத்தால் வீட்டுக்குள் வருகிறது? கக்கூஸ் குழி எந்தப் பக்கம்? எங்கள் ஊரில் வீதிக் குழாயிலிருந்து வீட்டுக்குப் போகிற மெல்லிய குழாய் பெரும்பாலும் கானுக்குள்ளால்தான் குறுக்கே போகும். அந்த இடங்களில் கானின் கரைக்கட்டில் நீலப் பெயின்ற் பூசுவோம். நீலம் பூசின இடத்தில் மண்வெட்டி இறங்கக்கூடாது. கையாலும் சிறட்டையாலும்தான் சேற்றை எடுக்க வேண்டும்.

எடுத்த சேற்றைக் கான் விளிம்பில் குவிக்க விடமாட்டார். மழை வந்தால் அது திரும்பக் கானுக்குள்ளோ, பக்கத்துக் கிணற்றுக்குள்ளோதான் போகும் என்பார். வண்டிலில் ஏற்றி அன்றைக்கே அகற்ற வேண்டும். இதையெல்லாம் தொழிலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பொறுக்காமல் போனது வேறொன்று. வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில், அந்த வீட்டு வாளியாலேயே அள்ளிக் கால் கழுவுவதுதான் அவர்கள் வழக்கம். மிஸ் அதை நிற்பாட்டிவிட்டார்.

தொழிலாளர்களுக்குத் தலைவராக இருந்த சிவபாலன் அண்ணைக்கு முகம் கறுத்துப்போனது. "நாங்கள் என்ன மிஸ், தீண்டத்தகாத ஆக்களோ? கிணத்தடிக்கும் போக ஏலாதோ?"

மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். அன்றைக்குக் கோபமில்லை, ஆனாலும் தாழ்ந்தது. "அண்ணே, உங்கள ஒருத்தரும் தள்ளல்ல. உங்கட கால்ல இப்ப இந்த ஒழுங்கை முழுக்க இருக்கு. அது வாளியோட கிணத்துக்குள்ள இறங்கினா, நாளைக்கு உங்களத்தான் ஏசுவாங்க." அடுத்த முறை தண்ணீர் பீப்பாவும் சவர்க்காரமும் துவாயும் வண்டிலில் ஏற்றி வந்தார். முதலில் தன் கையைக் கழுவிக் காட்டவெல்லாம் இல்லை. துவாயை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு அப்பால் போய்விட்டார். அதற்குப் பிறகு சிவபாலன் அண்ணை அவரைக் கேட்காமல் ஒன்றும் செய்ததில்லை, பின்னால் சொல்லப்போகிற ஒரு நாளைத் தவிர.

மத்தியானம் கடற்கரைப் பக்கம் வாகை மரத்தடியில் சாப்பிடுவோம். அவருடைய பார்சலில் மீன் ஆணம் இருக்கும். என்னுடையதில் பெரும்பாலும் புட்டும் சொதியும். பார்சல் கடதாசியைத் தின்ன, ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து நிற்கும். மிஸ்ஸுக்கு மான் என்றால் பயம். கதிரை இல்லாத இடத்தில் கதிரை தேடுகிறவர்போல் எழும்பி என் பின்னால் ஒளிந்து, தானே சிரிப்பார். அத்தனை தொழிலாளர்களை வைத்து வேலை வாங்குகிற ஆள்! அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

கிட்டங்கி ஒழுங்கை என்று ஒன்று. துறைமுகப் பக்கம் சரக்கு அடுக்குகிற பழைய கிட்டங்கிகளுக்குப் பின்னால் சரிந்து போய்க் கடலில் முடியும். அந்த வருட மாரியில் மழை விடாமல் பெய்தது. கான் கடலில் விழுகிற வாயை மணலும் குப்பையும் அடைத்துவிட்டன. ஒழுங்கையின் நடுவில் இருந்த சின்ன மதகும் அடைத்துக்கொண்டது. கான் நிறைந்து வீதிக்கு வந்து, வீதியிலிருந்து வீடுகளுக்குள் போய்விட்டது. வழக்கம்போல் முதல் நாள் நடந்து பார்க்க அவகாசமில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சனம் வீதியில் நின்றது. மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் மதகடியில் தயாராக நின்றது. எங்களுக்கு முன்னமே யாரோ மேலிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஒழுங்கையில் ராணி என்றொரு பெண் இருந்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவள் காலையில் இடியப்பம் அவித்து விற்பாள். அவளுடைய சின்ன மகளை வயிற்றோட்டத்தோடு முதல் நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தன் தாயைப் பிள்ளையோடு அங்கே விட்டுவிட்டு, வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பார்க்க அவள் ஓடி வந்திருந்தாள். மிஸ்ஸைக் கண்டதும் அவள்தான் முதலில் கத்தினாள்.

"எங்கட பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்குது! வீட்டுக்குள்ள கக்கூஸ் தண்ணி நிக்குது! இன்னும் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? மெஷினை விடுங்கோ!"

"குழாய் எங்க போகுதெண்டு தெரியாம மெஷின விட ஏலாது, தங்கச்சி" என்றார் மிஸ். "மெஷின் கடல் பக்கம் போகட்டும். அங்க வீடில்ல, குழாயில்ல. வாயைத் திறந்தா தண்ணி தானா இறங்கும். இறங்கினாப் பிறகு இங்க கையால எடுப்பம்."

"அது வடிய எவ்வளவு நேரம்? அதுமட்டும் நாங்கள் இதுக்குள்ள நிக்கிறதோ?" என்று ஆண்கள் சத்தம் போட்டார்கள். இரண்டு பேர் பெக்கோ ஓட்டுநரிடம் போய் நின்றுகொண்டார்கள். அவரும் பயந்துபோய் இயந்திரத்தைக் கிளப்பினார். இரும்புக் கை உயர்ந்தது.

அப்போது மிஸ் கானுக்குள் இறங்கினார்.

நான் தடுக்க நினைப்பதற்குள் இறங்கிவிட்டார். தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றது. கறுப்புத் தண்ணீர். மேலே என்னென்ன மிதந்தது என்று எழுத விருப்பமில்லை. அவர் மதகடியில் போய் இரும்புக் கைக்கு நேர் கீழே நின்று, காலால் தடவினார். பிறகு ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, என்ட காலுக்குக் கீழ ஒரு குழாய் இருக்கு. பக்கத்தில இன்னொண்டும் இருக்கு. இப்ப கைய இறக்குங்க பாப்பம்."

ஓட்டுநர் இயந்திரத்தை நிற்பாட்டினார். சனமும் அடங்கியது.

சிவபாலன் அண்ணைக்குப் பதற்றம். அவர் வீதி முனையில் இருந்த வால்வடிக்கு ஓடினார். வால்வுக்காரர் வால்வைத் திருகுகிற திறப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "முதல்ல தண்ணியைப் பூட்டு! குழாய் உடைஞ்சாலும் பரவாயில்லை" என்று அண்ணை சொன்னது எங்களுக்குக் கேட்டது. எந்த வேலைக்கும் முதலில் வால்வை மூடித் தண்ணீரைப் பூட்டுவதுதான் எங்கள் வழமை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"தண்ணியைப் பூட்டாதீங்க!"

மிஸ் கத்தியதை நான் என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் கேட்டேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டு வழக்கமான குரலில் சொன்னார். "யோகம், குழாய்க்குள்ள தண்ணி தள்ளிக்கொண்டிருக்கும் வரைக்கும், வெடிப்பிருந்தாலும் உள்ள இருக்கிறது வெளியாலதான் வரும். பூட்டின உடன குழாய் வெறுமையாகும். வெறுமையானா உறிஞ்சும். நான் நிக்கிற இந்தத் தண்ணிய உறிஞ்சும். கான் தண்ணி குழாய்க்குக் கீழ இறங்கும் வரைக்கும் பூட்டப்படாது. உங்கட பெரியவரிட்ட போய்ச் சொல்லுங்க."

அதுதான் சிக்கல். அந்தக் காலத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். காலையில் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம், பிறகு அன்புவழிபுரம் பக்கம். முறை மாறுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மழைக்குள் சைக்கிளை மிதித்தேன். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். கெட்டிக்கார மனிதர், உடனே விளங்கிக்கொண்டார். ஆனால் பேனையைக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தார்.

"அங்க விட்டால் அன்புவழிபுரத்துக்கு இண்டைக்குத் தண்ணி போகாது. உம்மட வீட்டுக்கும் வராது, தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

"சனம் வந்து கேட்டால் நான் உம்மைத்தான் காட்டுவன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தண்ணீரை விடச் சொல்லித் தொலைபேசியை எடுத்தார்.

நான் திரும்பி வந்தபோது மிஸ் அதே இடத்தில் நின்றார். ஏறினால் மறுபடியும் யாராவது இயந்திரத்தைக் கிளப்புவார்கள் என்ற பயம் அவருக்கு. பெக்கோ கடற்கரைக்குப் போய் மணலை வெட்டியது. மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் மெல்ல இழுபடத் தொடங்கியது. கானின் கரைக்கட்டில் ஈரக்கோடு தெரிந்தது. அது அகலமானது. மிஸ்ஸின் முழங்கால் தெரிந்த பிறகுதான் சிவபாலன் அண்ணை கை கொடுத்து அவரை ஏற்றினார். கால் விறைத்துப்போய் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு செருப்பு போய்விட்டது.

குழாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தொழிலாளர்கள் கையால் சேற்றை வழித்து எடுத்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு குழாயில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. அதன் ஓரத்தால் தண்ணீர் நூல்போல் பீறிக்கொண்டிருந்தது.

"இது ஆருட குழாய்?" என்று கேட்டார் மிஸ்.

 ராணி சொன்னாள்: "எங்கட. அவர்தான் கட்டினவர். ஒழுகுதெண்டு."

நான் அவள் வீட்டுக்குள் போய், முதல் நாள் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்தேன். முன்வீட்டுக் குடத்திலிருந்தும் எடுத்தேன். இரண்டிலும் மாத்திரை போட்டுக் குலுக்கினேன். முன்வீட்டுத் தண்ணீர் மெல்லிய றோஸ் நிறமானது. ராணியின் தண்ணீர் அப்படியே இருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முறை மாறித் தண்ணீர் நின்ற நேரமெல்லாம் அந்தக் குழாய் கானை உறிஞ்சியிருக்கிறது.

ராணி படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் மிஸ் பிள்ளைக்குக் குடுத்தனான். காய்ச்சாமல் குடுத்தனான். என்ட கையாலதான் குடுத்தனான்."

மிஸ் சேறு ஒட்டிய உடுப்போடு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க உங்கட புள்ளைக்குத் தண்ணி குடுத்தீங்க. வேற ஒண்டும் குடுக்கல்ல. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போங்க. டொக்டரிட்ட இந்தக் கதையச் சொல்லுங்க, மருந்து குடுக்க அவங்களுக்கு உதவும். வீட்ட நாங்க பாக்கிறம்."

அவள் போன பிறகு, கான் தண்ணீர் குழாய்க்கு நன்றாகக் கீழே போய்விட்டதை மிஸ் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் பூட்டச் சொன்னார். பழைய குழாயை வெட்டி எடுத்து, புதியதை இரும்புக் குழாய்க்குள் செருகிக் கானுக்கு மேலால் கொண்டுபோனார்கள். ஒழுங்கையில் இருந்த பொதுக் கிணற்றுக்குள்ளும் கான் தண்ணீர் போயிருந்தது. அதை இறைத்து, குளோரின் உள்ள வெளிற்றும் தூளை வாளியில் கரைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் ஊற்றினோம். பிறகு தண்ணீரைத் திறந்து, ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி எல்லாக் குழாயையும் ஓடவிட்டோம். முதலில் காற்று துப்பும். பிறகு செம்மண் நிறத்தில் வரும். பிறகு தெளியும். தெளிந்தது போதாது. றோஸ் நிறம் வரும்வரை ஒவ்வொரு வீட்டிலும் நின்றேன். போத்தல்களும் பிடித்தேன். ஆய்வுகூட முடிவு வருமட்டும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி மிஸ் வீடு வீடாகப் போனார், ஒரு காலில் செருப்பில்லாமல்.

முடிவு நல்லதாக வந்தது. ராணியின் மகளும் சுகமாகி வீட்டுக்கு வந்தாள். ராணி ஓலைப்பெட்டி நிறைய இடியப்பம் கொண்டுவந்து அலுவலகத்தில் வைத்தபோது மிஸ் அங்கே இல்லை. கான் தண்ணீரில் நின்றதில் காலில் புண் வைத்து, காய்ச்சலோடு மூதூரில் கிடந்தார். நான் பழக்கத்தில் விடிய எழும்பி இறங்குதுறைக்குப் போய்விடுவேன். லோஞ்ச் வரும், ஆட்கள் இறங்குவார்கள், அவர் இருக்கமாட்டார். வேலைக்குப் போகிற வழிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது வழியே அல்ல.

சுகமாகி வந்தார். அதற்குப் பிறகு சில வருடம் சேர்ந்து நடந்தோம். பிறகு அவருக்குக் கலியாணம், வேறு மாவட்டத்துக்கு மாற்றம். கடைசி நாள் இறங்குதுறையில், "மூதூருக்கு ஒருக்கா வாங்க யோகம், இத்தனை வருஷத்தில ஒரு நாளும் வரல்லயே" என்றார். "வாறன் மிஸ்" என்றேன். போகவில்லை. ஒன்று மாறி ஒன்று வந்தது. யுத்தத்தில் பாதை பூட்டினார்கள், அம்மா படுக்கையானார், ஊர் குழம்பியது, எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் மாறிப்போனது. அவருக்குப் பிறகு அவருடைய இடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் என் இடதுபக்கம் ஓர் ஆள் குறைவாகவே இருந்தது. இப்போதும், ஓய்வு பெற்ற பிறகும், சந்தைக்குப் போகிற வழியில் அந்தப் பக்கத்தில் இடம் விட்டுத்தான் நடக்கிறேன்.

இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் துணிவு வந்தது. போன கிழமை கிண்ணியா வழியாகப் பஸ் எடுத்து மூதூருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மிஸ்ஸின் தம்பி குடும்பம்தான் இருக்கிறது. மிஸ் மகனோடு வெளிநாட்டில். தம்பியின் மனைவி என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, நான் யாரென்று கேட்டுவிட்டு, தன் போனிலேயே மிஸ்ஸுக்கு எடுத்துத் தந்தார்.

"ஆரு?"

அதே தாழ்ந்த குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"நான் யோகம், மிஸ்."

போனை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. 

"எங்க நிக்கிறீங்க?"

"மூதூரில. உங்கட வீட்டில."

"அல்லாஹ்வே" என்றார். மூச்சு வாங்குவது கேட்டது. கால் நோவைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தார். என்னைப் பற்றிக் கேட்டார். பிறகு கேட்டார்: "வீட்டுக்குப் பின்னால கிணறு இருக்கு. இன்னும் பாவிக்கிறாங்களா?"

"ஓம் எண்டு சொல்லினம்."

"போனைக் கையில வெச்சுக்கொண்டு போங்க. கொஞ்சம் அள்ளிக் குடிங்க. குடிச்சிட்டு எப்படி இருக்கெண்டு எனக்குச் சொல்லுங்க."

தம்பியின் மனைவி வாளியை இறக்கி அள்ளித் தந்தார். நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஏந்திக் குடித்தேன். அத்தனை தூரத்திலிருந்து கேட்கிற ஒருவருக்கு நல்லதாக ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன். தண்ணீரைப் பற்றி அவருக்கு அப்படிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கொஞ்சம் உப்புச் சவர் தட்டுது, மிஸ்."

அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது.

"ஓம்" என்றார். "அது எப்பவும் அப்படித்தான். அதுதான் எங்கட தண்ணி. இன்னும் கொஞ்சம் குடிங்க யோகம்."